தலைவிதியாகத் தோன்றும் ஏற்பாடு: இணையவழி விளையாட்டு முகாமைப் போட்டிகளில் எதிரணியினரின் இரகசிய ஒத்துழைப்புப் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு என்பது ஓர் உடன்பாட்டின்மீது எழும் போராட்டமாகும். இருவர் ஒருவரையொருவர் வெல்ல முனைகின்றனர். ஆயினும் எவ்விதிகளின்படி வெல்வது என்பதில் அவ்விருவரும் முன்னரே ஒன்றுபட்டுள்ளனர். ஆகவே போட்டியாளரிடையே ஒத்துழைப்பு இருத்தலாகாது என்று கூறுவது பொருந்தாது. ஒத்துழைப்பு இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆராயவேண்டியது வேறொன்றாகும். எல்லோரும் அறிந்த அப்பொது உடன்பாட்டின் அடியில், சிலர் மட்டும் அறிந்த இன்னோர் உடன்பாடு செய்யப்படுமாயின் அதனை நேர்மையானது எனக் கொள்ளலாமா? இணையவழியில் நடைபெறும் விளையாட்டு முகாமைப் போட்டிகள் இவ்வினாவை முன்னெப்போதும் இல்லாத கூர்மையுடன் எழுப்பியுள்ளன.

இவ்வினாவைக் கொத்மலையில் வைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. மகாவலித் திட்டத்தின்கீழ் எழுந்த கொத்மலை நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. 1989இல் அப்பிரதேசத்தில் சமூக வானொலியொன்று நிறுவப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவோடு அவ்வானொலி இணையத்துடன் இணைக்கப்பட்டது. கணினியைக் கண்டிராத கிராமத்தவர் தம் வினாக்களை அனுப்புவர். அறிவிப்பாளரும் துறையறிந்தோரும் இணையத்தில் தேடிக் கிடைத்தவற்றை உள்ளூர் மொழியில் ஒலிபரப்பிலேயே விளக்குவர். வளர்முக நாடுகளின் தொடர்பாடல் பற்றி எழுதியோர் பலர் இம்முயற்சியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டுள்ளனர். இவ்வாறு இப்பகுதியினர் பலருக்கு இணையம் முதன்முதலில் செவிவழியாகவே வந்தது. ஒருவர் கேட்ட வினாவுக்கான விடை ஊர் முழுவதற்கும் கேட்டது. இன்றோ நிலைமை வேறு. தவலந்தென்னையிலோ புசல்லாவையிலோ லயத்துக் காம்பிரா ஒன்றில் இருக்கும் இளைஞனின் கையில் தொலைபேசி உண்டு. அவன் அதில் யாருடன் என்ன பேசுகின்றான் என்பதை அடுத்த காம்பிராவில் இருப்பவன் அறியான். உரத்துப் படிக்கப்பட்ட இணையத்துக்கும் தனித்துப் பார்க்கப்படும் இணையத்துக்கும் இடையிலான இவ்வேறுபாடு இக்கட்டுரைப் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது.

விளையாட்டின் இயல்பு

முகாமைப் போட்டியில் எவரும் பந்தை உதைப்பதில்லை, மட்டையை ஏந்துவதுமில்லை. பங்குபற்றும் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைக் கழகத்தின் முகாமையாளராவர். வீரரை வாங்குதல், விற்றல், பயிற்றுதல், சம்பளம் கொடுத்தல், மைதானத்தை விரிவாக்குதல், எவரை எவ்விடத்தில் நிறுத்துவது எனத் தீர்மானித்தல் ஆகியனவே அவர்தம் ஆட்டம். முடிவைக் கணினி கணித்துத் தரும். 1997ஆம் ஆண்டு சுவீடனில் தோன்றிய ‘ஹட்ரிக்’ எனும் உதைபந்தாட்ட முகாமைப் போட்டி இவ்வகையிற் பெயர்பெற்றது. எட்டுக் கழகங்கள் கொண்ட பிரிவில் ஒவ்வொரு கழகமும் ஏனைய ஏழினையும் இருமுறை சந்திக்கும். ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள். முன்னிற்போர் மேற்பிரிவுக்கு உயரவும் பின்னிற்போர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவும் இடமுண்டு. வீரர் சந்தை ஏலமுறையில் அமைந்தது. குறித்த நேரத்துக்குள் கூடிய விலை கேட்பவருக்கே வீரர் உரியவராவார்.

இதற்கு அண்மையான இன்னொரு வகை, உண்மையான வீரரின் பெறுபேறுகளை அடிப்படையாகக் கொண்ட கற்பனை அணிப் போட்டியாகும். 1980இல் நியூயோர்க்கில் டானியல் ஒக்ரென்ட் என்பாரும் நண்பர்களும் பேஸ்பால் விளையாட்டுக்கென வகுத்த முறை இதன் பரவலுக்கு வழிகோலியது. இன்று துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் இத்தகைய போட்டிகள் பல உள்ளன. பங்குபற்றுவோர் தம்முள் வீரரை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் குழுக்களில், ஐயத்துக்குரிய மாற்றங்களை ஆராய்ந்து தடுக்கும் அதிகாரம் பொறுப்பாளர் ஒருவருக்கோ ஏனைய உறுப்பினருக்கோ வழங்கப்படுவது வழக்கம். இரகசிய ஒத்துழைப்பு என்னும் சிக்கல் இவ்விளையாட்டுகளுடன் கூடவே பிறந்தது என்பதற்கு இவ்வழக்கமே சான்று.

இப்போட்டிகளின் தனித்தன்மை ஒன்றை இவ்விடத்திற் கருத்தில் இருத்தல் வேண்டும். நீச்சல் வீரன் தோற்றாலும் கடிகாரம் அவனுக்கு உண்மையைச் சொல்லும். தான் முன்னேறியுள்ளானா, பின்தங்கியுள்ளானா என்பதை அவன் எதிராளியைப் பாராமலே அறியலாம். முகாமையாளனுக்கு அத்தகைய கடிகாரம் இல்லை. அவன் செலுத்துவது தீர்மானம் ஒன்றையே. அத்தீர்மானம் சரியானதா என்பதைச் சந்தையின் விலையும் புள்ளிப் பட்டியலும் மட்டுமே அவனுக்கு உணர்த்தும். அவ்விலையும் அப்பட்டியலும் ஒவ்வொருவரும் தத்தம் வெற்றிக்காகவே உழைத்ததன் விளைவு என்ற நம்பிக்கையின் மீதே அவன் தன் அடுத்த தீர்மானத்தை எழுப்புகின்றான்.

ஒத்துழைப்பின் வடிவங்கள்

இரகசிய ஒத்துழைப்புப் பல வடிவங்களில் நிகழ்கின்றது. சிறந்த வீரனை நண்பனுக்கு அற்ப விலைக்கு விற்றல் ஒன்று. பயனற்ற வீரனுக்குப் பெருவிலை கொடுத்து நண்பனின் கழகத்துக்குப் பணம் சேர்த்தல் மற்றொன்று. பருவத்தின் இறுதியில், தனக்கு வேண்டாத ஆட்டத்தில் வேண்டுமென்றே வலுவற்ற அணியை நிறுத்தித் தோழனை வெல்லவிடுவதும், ஏலத்தில் ஒருவர் விரும்பும் வீரனுக்கு மற்றவர் விலை கேளாதிருப்பதும் உண்டு. ஒருவரே இரண்டு பெயர்களில் இரண்டு கழகங்களை நடத்தித் தன்னோடு தானே ‘ஒத்துழைப்பது’ இவற்றின் முற்றிய நிலை எனலாம்.

இவற்றுள் விலை கேளாதிருத்தல் என்பதன் தன்மையைத் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் நன்கு அறியப்பட்ட ஏலச்சீட்டைக் கொண்டு விளக்கலாம். மாதந்தோறும் சேரும் தொகையை, கூடிய கழிவுக்கு எடுக்க முன்வருபவர் பெறுகின்றார். அக்கழிவு ஏனையோருக்குப் பங்காகின்றது. பணத்தேவை உடைய இருவர், “இம்மாதம் நீ கேள், அடுத்த மாதம் நான் கேட்கின்றேன்” எனத் தமக்குள் பேசிக்கொள்வாராயின் கழிவு குறையும். மற்றவர்களின் பங்கும் குறையும். ஆனால் அம்மற்றவர்கள் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணமாட்டார்கள். ‘இம்மாதம் பணம் தேவைப்பட்டோர் குறைவு போலும்’ என்றே எண்ணுவர். இருவர் செய்த ஏற்பாடு ஏனையோரின் கண்ணுக்கு இயல்பான நிகழ்ச்சியாகத் தோன்றுகின்றது. இரகசிய ஒத்துழைப்பின் உள்ளியல்பு இதுவேயாகும்.

சாதிப்போர் கூறும் நியாயங்கள்

இத்தகைய ஒத்துழைப்புக்குச் சார்பாக நான்கு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோடுதல் தகும்.

முதலாவது, பேரம் பேசுதலும் நட்புத் தேடுதலும் முகாமைத் திறனின் கூறுகளே என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் பேரத் திறன் என்பது நல்ல விலையை நாடும் ஒருவரிடமிருந்து நல்ல விலையைப் பெறுவதிலேயே வெளிப்படும். தன் நலத்தையே விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருக்கும் நண்பனிடமிருந்து அற்ப விலைக்கு வீரனை வாங்க எவ்விதத் திறனும் வேண்டியதில்லை. எனவே திறனின் பெயரால் இதனை நியாயப்படுத்துதல் முரணாகும்.

இரண்டாவது, விதி தடைசெய்யாதது எதுவும் குற்றமன்று என்பது. ‘ஹட்ரிக்’ போன்ற போட்டிகளில் விதி இதனை வெளிப்படையாகவே தடைசெய்கின்றது. ஆங்கே இவ்வாதத்துக்கு இடமில்லை. விதி மௌனமாயிருக்கும் இடங்களிலும் ஒரு வினா எஞ்சுகின்றது. அனுமதிக்கப்பட்ட செயலாயின் அதனை மறைப்பானேன்? மறைப்பதன் தேவை, எழுதப்படாத விதியொன்று உண்டென்பதையும் செய்பவன் அதனை அறிவான் என்பதையும் காட்டிக்கொடுக்கின்றது.

மூன்றாவது, இது வெறும் விளையாட்டு; பணமோ பொருளோ எவரும் இழக்கவில்லை என்பது. பலரும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் வாதம் இதுவே. இங்கு இழக்கப்படும் பொருளைச் சரியாக இனங்காணாமையே இதன் குறைபாடு. இரு கழகங்களின் மறைவான ஏற்பாட்டினால் மூன்றாமவன் ஒருவன் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகின்றான் என வைத்துக்கொள்வோம். அவன் இழந்தது பிரிவு மட்டுமன்று. தான் பயிற்றிய முறை தவறு, வாங்கிய வீரன் தவறு, வகுத்த உத்தி தவறு என அவன் கருதுகின்றான். சரியாகச் செய்தவற்றையே பிழையென எண்ணித் திருத்த முனைகின்றான். தீர்மானிக்கும் ஆற்றலை வளர்ப்பதே பயனாகவுள்ள ஒரு விளையாட்டில் அவ்வாற்றலின் வேரே இவ்வாறு அறுக்கப்படுகின்றது. கிண்ணத்தைத் திருடுவதிலும் ஒருவன் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள அறிவைத் திருடுவது பெரிய குற்றம்.

நான்காவது நியாயமே அனைத்திலும் வலுவானது. நீண்டகாலம் ஆடிப் பணமும் வீரரும் குவித்த கழகங்களின் முன் புதியவர்கள் வலுவற்றவர்கள். வலுவற்றோர் ஒன்றுசேர்வதில் என்ன தவறு என்பது அது. ஒன்றுபடுதலே ஒரே ஆயுதமாக இருந்த மக்களின் வரலாற்றை அறிந்த மலையக வாசகர் இதனை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார். ஆயின் அவ்வரலாறே இதற்கு விடையும் தருகின்றது. தொழிற்சங்கம் தன் கொடியை மறைத்து வைத்து வளர்ந்ததில்லை. ஒன்றுபட்டுள்ளோம் என்று பலரறியக் கூறுவதிலேயே அதன் வலு இருந்தது. தம்முள் போட்டியிட்ட தொழிற்சங்கங்களும்கூட 1998 முதல் பல ஆண்டுகள் தோட்டக் கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனத்துடன் கூட்டு ஒப்பந்தங்களிற் சேர்ந்து கையொப்பமிட்டன. அவ்வொப்பந்தங்களின் நன்மை தீமைகள் பற்றித் தொழிலாளர் வாதிடவும் கண்டிக்கவும் முடிந்ததென்றால் கையொப்பங்கள் கண்ணுக்குத் தெரிந்தமையே காரணம். இரகசியக் கூட்டிலோ நிலைமை வேறு. அதன் சுமை பெரிய கழகத்தின் மீது விழுவது அரிது. கூட்டிற் சேராத இன்னொரு வலுவற்றவனே அதனைச் சுமக்கின்றான்.

ஆடுகளச் சான்றுகள்

இணையத்துக்கு முற்பட்ட ஆடுகளங்களிலும் இப்பிரச்சினை தோன்றியுள்ளது. இரு நிகழ்ச்சிகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

1962ஆம் ஆண்டு கியூரசோ தீவில் உலக சதுரங்க வெற்றிவீரரை எதிர்த்து ஆடுபவரைத் தெரிவுசெய்யும் சுற்றுப்போட்டி நடைபெற்றது. சோவியத் வீரர்களான பெத்ரோசியான், கேரஸ், கெல்லர் ஆகிய மூவரும் தமக்கிடையே ஆடிய 12 ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ஒருவரோடொருவர் ஆடும்போது ஓய்வெடுத்து, மற்றவர்களுடன் ஆடுவதற்கு வலுவைச் சேமித்தனர் என அமெரிக்க வீரர் பொபி பிஷர் குற்றஞ்சாட்டினார். இதன்பின் சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் அச்சுற்றுப்போட்டி முறையையே கைவிட்டு, இருவர் நேருக்குநேர் மோதும் தொடர் முறையை வகுத்தது. மூன்றாமவன் இல்லாத இடத்தில் அவனுக்கு எதிராகக் கூட்டுச் சேர முடியாது என்பதே அம்மாற்றத்தின் உட்பொருள்.

மற்றையது 1982ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின்போது ஸ்பெயின் நாட்டு ஹிஹோன் நகரில் நிகழ்ந்தது. அல்ஜீரியா முதல் ஆட்டத்தில் மேற்கு ஜேர்மனியை 2-1 என வென்றிருந்தது. தன் இறுதி ஆட்டத்தில் சிலியையும் வென்றது. மறுநாள், யூன் 25ஆந் திகதி, மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மோதின. மேற்கு ஜேர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் அவ்விரு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மேற்கு ஜேர்மனி ஒரு கோல் போட்டது. அதன்பின் எஞ்சிய நேரம் முழுவதும் இரு அணிகளும் பந்தை நோக்கமின்றித் தட்டிக்கொண்டிருந்தன. பார்வையாளர் கூக்குரலிட்டனர். அல்ஜீரியா முறையிட்டது. விதி மீறப்படவில்லை என்ற நிலையில் முடிவு மாற்றப்படவில்லை. எனினும் அடுத்த உலகக் கிண்ணம் முதல் ஒரு பிரிவின் இறுதி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் ஆடப்பட்டு வருகின்றன.

இங்கு நுட்பமான வேறுபாடொன்று புலனாகின்றது. வாய்திறந்து பேசாமலே இருவரின் நலன்கள் ஒன்றுபட்டுவிடுவது உண்டு. ஒரு சமநிலை முடிவு இருவருக்கும் போதுமென்பதை இருவரும் அறிவர். எவரும் துணிந்து தாக்குவதில்லை. இதில் குறை பெரிதும் விதியை வகுத்தவருடையது. அவரே அதனைத் திருத்துதல் வேண்டும். ஆனால் ஒருவர் மற்றவருக்கு வாக்குக் கொடுத்து, அவ்வாக்கின்படி தன் ஆட்டத்தை வளைப்பாராயின் குறை ஆடுபவருடையதாகின்றது. திருத்தப்பட வேண்டிய முறையையும் கண்டிக்கப்பட வேண்டிய செயலையும் ஒன்றாகக் குழப்புதல் தகாது. பணத்துக்காக ஆட்டமுடிவை வளைப்பதைக் குற்றமாக்கி இலங்கை 2019இல் இயற்றிய 24ஆம் இலக்கச் சட்டம் இரண்டாம் வகையின் மிகக் கொடிய வடிவத்தைப் பற்றியது. பணம் கைமாறாத முகாமைப் போட்டிகளில் அத்தகைய சட்டத்துக்கு வேலை இல்லை. அங்கு அறவுணர்வே சட்டமாகின்றது.

மலையக வரலாற்றில் ஓர் ஒப்புமை

விளையாட்டுக்கு வெளியே, கொத்மலை உள்ளிட்ட மலைநாட்டின் தோட்ட வரலாற்றிலேயே இதற்கு நெருங்கிய ஒப்புமை ஒன்று கிடைக்கின்றது. அது ‘துண்டு’ முறை.

கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்க காலத்திலும் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக வந்த தொழிலாளர் முற்பணக் கடனோடேயே தோட்டங்களிற் காலடி வைத்தனர். தொழிலாளர் கூட்டமொன்று ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்வதாயின், கடன் தொகை குறிக்கப்பட்ட துண்டொன்று வழங்கப்படும். அத்தொகையைச் செலுத்தும் துரை அக்கூட்டத்தைத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். ஆட்பற்றாக்குறை மிகுந்த காலங்களில் துரைமார் ஒருவர் தோட்டத்து ஆட்களை மற்றவர் கவர்ந்திழுக்கப் போட்டியிட்டனர். துண்டின் தொகை ஏறியது. அதே துரைமார், 1854இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கத்தினூடாக, இவ்வாறு கவர்தலைக் கட்டுப்படுத்தவும் முயன்றனர். போட்டியிட்டபோதும் கூடியபோதும் பேச்சுக்குப் பொருளாக இருந்தவன் தொழிலாளி. பேச்சில் இடம்பெறாதவனும் அவனே. ஏறிய தொகை அவன் கணக்கிலேயே ஏறியது. தன் கடன் எவ்வாறு பெருகிற்று, ஏன் தன்னால் விரும்பிய இடத்துக்குப் போக முடியவில்லை என்பன அவனுக்குப் புலப்படவில்லை. துண்டை அவன் எழுதவில்லை. பெரும்பாலும் அவனால் அதனை வாசிக்கவும் இயலவில்லை. பிறர் செய்த ஏற்பாட்டை அவன் தன் தலையெழுத்து என்றே கொண்டான். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இவ்வொப்புமையை அளவோடு கொள்ளல் வேண்டும். முகாமைப் போட்டியில் விற்கப்படும் வீரன் வெறும் எண்களின் தொகுதி. துண்டில் எழுதப்பட்டவர்கள் பசியும் பிள்ளைகளும் உடைய மனிதர். விளையாட்டில் ஏமாந்தவனின் துயரைத் தொழிலாளியின் துயரோடு நிறுத்துப் பார்ப்பது அவமதிப்பாகும். ஒத்திருப்பது துயரின் அளவன்று; ஏற்பாடு இயங்கிய விதம். வலுவுடையோர் தமக்குள் செய்துகொண்ட ஒன்று, அதனாற் பாதிக்கப்பட்டவனிடம் வந்துசேரும்போது அவனுடைய சொந்தக் குறையாகவோ விதியாகவோ உருமாறிவிடுகின்றது. மனிதன் தன் தோல்விக்குக் காரணம் தேடும் இயல்பினன். உண்மைக் காரணம் மறைக்கப்பட்டால் அவன் தன்னையே காரணமாக்கிக்கொள்வான். மறைவான உடன்பாட்டின் அநீதி அது தரும் இலாபத்தைவிட இவ்வுருமாற்றத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது.

உரத்துப் படித்தல் என்னும் சோதனை

அங்ஙனமாயின் நேர்மையான ஒத்துழைப்பையும் நேர்மையற்றதையும் எவ்வாறு வேறுபடுத்துவது? கொத்மலை வானொலி நடந்துகொண்ட முறையிலிருந்தே ஒரு சோதனையை வகுத்துக்கொள்ளலாம். திரையில் உள்ளதை ஊர் கேட்க உரத்துப் படித்தது அவ்வானொலி. இரு போட்டியாளர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டையும் அவ்வாறே, ஏனைய போட்டியாளர் அனைவரும் கேட்க, உரத்துப் படித்துப் பார்த்தல் வேண்டும். படித்த பின்னும் அவ்வுடன்பாடு நிலைக்குமாயின் அது நேர்மையானது. படித்த கணத்திலேயே பயனற்றுப் போகுமாயின் அது பிறரது அறியாமையை மூலதனமாகக் கொண்டது.

சில உதாரணங்களை இச்சோதனைக்கு உட்படுத்தலாம். பயிற்சி முறை பற்றிப் புதியவன் ஒருவனுக்கு அனுபவமுள்ள எதிராளி சொல்லிக்கொடுப்பதை எல்லோரும் கேட்கலாம், எதுவும் கெடாது. தோட்ட மைதானத்தில் எதிரணிக்கு மட்டை இரவல் கொடுக்கும் அணித்தலைவனும் இத்தகையவனே. இரு கழகங்கள் இளம் வீரரைப் பரிமாறிப் பயிற்றுவதை விதி அனுமதித்து, யாவரும் அறிய அது நடைபெறுமாயின், விரும்பும் ஏனையோரும் அவ்வழியைக் கைக்கொள்ளலாம். ஆனால் “இறுதி ஆட்டத்தில் நான் உனக்குத் தோற்றுத் தருகின்றேன்” என்ற வாக்கை உரத்துப் படித்தால், மறுகணமே பட்டியலில் அடுத்துள்ளவன் முறையிடுவான். ஏலத்தில் விலை கேளாதிருக்கும் ஏற்பாட்டைப் படித்தால், அவ்வீரனை விற்பவன் தன் பொருளைச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொள்ள விரும்புவான். இவை ஒளியில் வாழாதவை.

விற்பனை வரலாற்றைப் பலரும் காணத் திறந்து வைக்கும் முகாமைப் போட்டிகள் இச்சோதனையை ஓரளவு தம் அமைப்பிலேயே கொண்டுள்ளன. கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் அது இணையவழிக்கு மாறியது. ஒரே மண்டபத்தில் முகம்பார்த்துக் கேட்ட விலை திரைகளின் வழியாகக் கேட்கப்படலாயிற்று. முகம் மறையும் இடத்தில் பதிவின் வெளிப்படைத்தன்மையே முகத்துக்கு ஈடாகின்றது. விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

எனினும் இச்சோதனையின் எல்லையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வெளிப்படையானது எல்லாம் நியாயமானதாகிவிடாது. 1933இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தேயிலை உற்பத்தியாளர்கள், விலை வீழ்ச்சியைத் தடுக்க ஏற்றுமதி அளவைக் கட்டுப்படுத்தச் சர்வதேச உடன்படிக்கை செய்துகொண்டனர். போட்டியாளர் உலகறியச் செய்த ஒத்துழைப்பு அது. ஆயினும் உற்பத்தியைச் சுருக்குவதென்ற முடிவு தோட்டத்து வேலையையும் தொடும். கொழுந்து பறித்தவர்களிடம் அதுபற்றி எவரும் கேட்கவில்லை. மகாபாரதச் சூதிலும் துரியோதனனுக்காகச் சகுனி ஆடுவான் என்பது சபையறியக் கூறப்பட்டதே; ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா எனத் தருமனும் வினவினான். வினவிய பின்னும் அவன் ஆடினான், சபை வாளாவிருந்தது. ஆகவே உரத்துப் படித்தல் நீதியின் முதற்படியே. கேட்பவனுக்கு மறுத்துரைக்கும் உரிமையும், மறுத்துரைத்தால் அதனைச் செவிமடுக்கும் நடுவரும் இருத்தல் இரண்டாம் படி. முதற்படி இல்லாமல் இரண்டாம் படிக்கு ஏற இயலாது. அறியாத ஒன்றை எவரும் மறுக்க முடியாதல்லவா?

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், முகாமைப் போட்டிகளில் எதிரணியினரின் ஒத்துழைப்பு முழுவதையும் தீதெனத் தள்ளுதல் தவறு என்பதும், மறைவில் செய்யப்படும் உடன்பாட்டைச் சாதுரியம் எனப் போற்றுதல் அதனினும் பெரிய தவறு என்பதும் பெறப்படும். விதிகள் திருத்தப்படலாம், இறுதி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கலாம், ஐயத்துக்குரிய விற்பனையை நடுவர் நீக்கலாம். இவை வாய்ப்பைக் குறைக்கும், விருப்பத்தை நீக்கமாட்டா. தொலைபேசித் திரையின் பின்னால் நடக்கும் உரையாடல் ஒவ்வொன்றையும் காணவல்ல நடுவர் எங்கும் இல்லை.

எனவே பொறுப்பு மீண்டும் ஆடுபவனிடமே வந்துசேர்கின்றது. வாக்குக் கொடுக்கும் முன்னர் அவன் எண்ணிப் பார்க்க வேண்டியவன், தான் ஒருபோதும் சந்திக்காத மூன்றாமவன் ஒருவனை. அவன் எங்கோ ஒரு லயத்துக் காம்பிராவில், பகல் வேலை முடிந்து, தேவைக்கேற்ப வாங்கிய சிறிதளவு இணைய வசதியைக் கொண்டு தன் அணியை வகுத்துக்கொண்டிருக்கலாம். அவன் தோற்கலாம், தோற்பதில் இழுக்கில்லை. தன் பிழையால் தோற்றால் அவன் ஒன்றைக் கற்றுக்கொள்வான். பிறர் ஏற்பாட்டினால் தோற்று, அதனைத் தன் பிழையென நம்பினால், இல்லாத பிழையைத் திருத்துவதிலேயே அடுத்த பருவத்தையும் அவன் கழிப்பான். பாட்டன் துண்டை வாசிக்க இயலாதிருந்தான். பேரனுக்கு வாசிக்கத் தெரியும். அவன் வாசிக்கக்கூடிய இடத்தில் உடன்பாட்டை எழுதி வைப்பதே அவனுடன் ஆடுபவர்கள் அவனுக்குச் செய்யவேண்டிய மரியாதை.